சைவக்காரரின் தூண்டில்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அம்மாவின் பித்தளைக் கரண்டியை வெட்டியது.

புதன்கிழமை காலை. நான் குறட்டால் கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்; அவர் காம்பை அராவினார். நல்ல கரண்டி. அம்மா அதால்தான் நெய் அள்ளுவாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"மெதுவாப் புடி மனே. கழுத்த நெரிக்கிற மாதிரிப் புடிக்காத."

"இறுக்கிப் புடிக்காட்டி அரம் வழுக்கும் அப்பா."

"உன்ட ஓவசியர் படிப்ப அணைக்கட்டில காட்டு. இது கரண்டி."

அரம் வழுக்கியது. விரல் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான்தான் கீறினேன் என்பதுபோல. பிறகு கரண்டியின் குழிந்த பாகத்தில் இரு முனையிலும் துளை போட்டோம். ஒன்றில் கயிறு கட்ட வளையம். மற்றதில் மூன்று முள் கொண்ட தூண்டில். தண்ணீருக்குள் இழுத்தால் அது புரண்டு புரண்டு மின்னும். பெரிய மீன் அதைச் சின்ன மீன் என்று நினைத்துக் கவ்வும். இறாலும் வேண்டாம், புழுவும் வேண்டாம். அப்பா இதைப் பொய்யிரை என்பார். மற்ற எல்லோரும் தகரம் என்பார்கள்.

மத்தியானம் சோறு தின்றுவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று படுத்தார். எழும்பவில்லை.

அவர் பெயர் எதிர்மன்னசிங்கம். ஊர் அதைச் சுருக்கிச் சிங்கத்தார் ஆக்கியது. எந்த மன்னரையும் எதிர்த்தவர் அல்ல. புளியந்தீவுத் துறையில் தோணிகளிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. ரயில் மட்டக்களப்புக்கு வந்தபின் துறையில் சரக்குக் குறைந்தது. அப்பாவுக்கு நேரம் கூடியது. அந்த நேரத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த வரலாறு.

முதலில் அவர் எல்லோரையும்போல இறால் குத்தித் தூண்டில் போட்டவர். எல்லோரையும்போல மீன் தின்றவர். எல்லோரையும்போல என்பது சரியல்ல. கொடுவாத் தலையை அவர் உறிஞ்சும் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்கும் என்று அம்மா சொல்வாள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. வைத்தியர் கையை விரித்தார். அப்பா அமிர்தகழிக்கு நடந்துபோய், தீர்த்தக் குளத்தில் முழுகி, ஈரத்தோடு மாமாங்கேஸ்வரர் முன் நின்று, பிள்ளை பிழைத்தால் மீனும் இறைச்சியும் இந்த வாயில் படாது என்று நேர்ந்துவிட்டு வந்தார். நான் பிழைத்தேன்.

அவர் வாக்குத் தவறவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அவருக்கு அவ்வளவு சாதகமாக இராது.

சைவக்காரர் ஆனபின் கொஞ்சக் காலம் துறையில் சும்மா இருந்தார். கையில் இறாலை எடுத்துக் குத்துவது நேர்த்திக்கு ஒவ்வாது என்று மனதுக்குப் பட்டது. அப்போது ஒரு துரை வந்தார். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்று கேள்விப்பட்டு, தோணியில் போய்த் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்கும் கூட்டத்தில் அவரும் ஒருவர். பாட்டுக் கேட்டதோ தெரியாது. அடுத்த நாள் துறைக்கு வந்து பாடகர்களைப் பிடிக்கத் தொடங்கினார். பெட்டி நிறைய மினுங்கும் தகரங்கள். ஒன்றை எறிந்தார், இழுத்தார், ஒரு பாரை மீன் வந்தது. அதைச் சற்று நேரம் பெருமையாகப் பார்த்துவிட்டுச் சமையற்காரனிடம் எறிந்தார். அதைத் தின்னும் யோசனையே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீன் பிடிப்பதும் மீன் தின்பதும் வெவ்வேறு வேலைகள் என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் ரின்பால் பேணியின் தகரத்தை வெட்டித் தூண்டில் கட்டினார்.

அம்மா கேட்டாள்: "இஞ்சருங்க, சாமிக்கு நேந்தது என்ன, நீங்க செய்யிறது என்ன?"

"சாமிக்கிட்ட நான் வாயத்தான் குடுத்தன். கையக் குடுக்கல்ல."

"பிடிச்சாப் பாவம் இல்லியா?"

"நான் எங்க புடிக்கிறன்? தகரத்த எறியிறன், திருப்பி இழுக்கிறன். தகரத்தத் தின்னச் சொல்லி மீனுக்கு ஆரு சொன்ன?"

இந்த வாதத்தை அவர் சாகும்வரை மாற்றவில்லை. நான் அணைக்கட்டு ஓவசியர் தொழில் படித்தவன். கயிற்றின் ஒரு முனையில் கை, மறு முனையில் மீன், நடுவில் தகரம் என்றால் விசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறேன். "அது உங்கட புத்தகத்தில" என்றார்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. மீனைக் கையால் தொட்டால் முழுகாமல் கோயிலுக்குப் போக முடியாது. ஆகவே தூண்டிலில் இருந்து மீனைக் கழற்ற வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் காத்தான்குடி சரீப் காக்கா. துணி வியாபாரி; முஸ்லிம் ஊரில் காக்கா என்றால் அண்ணன். வாவிக்கரை ஊர்களுக்குச் சீத்தைத் துணி அனுப்பத் துறைக்கு வருவார். மீன் பிடிக்கத் தெரியாது, பொறுமை இல்லை. தின்பதில் இரண்டும் இருந்தது.

"நீ தின்னமாட்டாய், நான் புடிக்கமாட்டன்," என்பார். "நம்ம ரெண்டு பேரையும் ஒண்டாத் தைச்சா ஒரு முழு மனிசன் வருவான், சிங்கம்."

சரீப் காக்கா வராத நாட்களில் நடப்பதுதான் கூத்து. மீன் துறையின் பலகைத் தளத்தில் கிடந்து துள்ளும். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆராவது வாங்களன், மீன் சாகுது!" என்று கூவுவார். சாகாமல் வைத்திருக்கத்தான் பிடித்தவர்போல.

எந்த நேரத்தில் எந்தத் தகரம் என்பதில் அவருக்கு ஒரு சாத்திரம் இருந்தது. அதில் பாதி சரி. தண்ணீர் தெளிந்த கோடையில் சாம்பல் போட்டு மினுக்கிய சின்ன வெள்ளைத் தகரம். மழைக்குப் பிறகு வாவி கலங்கினால் வெள்ளை தெரியாது. பித்தளை, அதுவும் பெரியது, வாலில் சிவப்பு நூல். பொழுது சாயும் நேரத்தில் மீன் கீழிருந்து வானத்தைப் பார்க்கும். அப்போது கறுப்புத்தான் தெளிவாகத் தெரியும் என்று முள்முருக்குக் கட்டையில் கறுத்தச் சேவலின் கழுத்திறகைக் கட்டுவார். இவை சரியான பாதி. மற்றப் பாதியில், பரணியில் சிவப்பு ஆகாது, தும்மலோடு எறிந்த தகரத்தை மூன்று முறை தலையைச் சுற்றித் திரும்ப எறியவேண்டும், மீன் பட்ட தகரத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவாமல் வைத்தால் அது அடுத்த தகரத்துக்கும் சொல்லிக்கொடுக்கும். எதைச் சொல்லிக்கொடுக்கும் என்று கேட்டேன். "சோம்பலை" என்றார்.

துறையில் பொய்யிரை எறிவதன் கஷ்டம் ஒன்றுதான். கொடுவா வெயிலுக்கு வராது. துறையின் நிழலில், மரத்தூணை ஒட்டி, அசையாமல் நிற்கும். தூரத்தில் போவதைத் துரத்தாது. முகத்துக்கு முன்னால் வருவதைக் கவ்வும். ஆகவே தகரம் தூணை உரசுகிற மாதிரிப் போகவேண்டும். உரசுகிற மாதிரிப் போனால் தூணில் மாட்டும். தூண் முழுக்கச் சிப்பி. கயிறு பட்டால் அறும். அப்பா எறிந்ததில் மீன் கவ்வியதைவிடத் தூண் கவ்வியது அதிகம். கோடையில் தண்ணீர் இறங்கும்போது தூண்களில் அவருடைய தகரங்கள் வெயிலுக்குப் பளபளக்கும். வலைகாரர்கள் தோணியை அடியால் விடும்போது கேட்கவென்றே உரத்துப் பேசுவார்கள்.

"சிங்கத்தாருக்குப் பொம்பளப் புள்ள இல்லாத குறை பாரு. துறைக்குச் சீதனம் குடுக்கிறார்."

"காதுக்கும் மூக்குக்கும் போட்டுட்டார். இனிக் கழுத்துக்குத்தான்."

அப்பா மேலே நின்று சொல்வார்: "மாப்பிள ஆரும் வந்தா அனுப்புங்க. உங்களப்போல நாத்தம் புடிச்சவன் வேணாம்."

தகரம் புரளும்போது கயிறும் முறுக்கேறிச் சிக்குப்படும். நடுவில் சுழலும் வளையம் ஒன்று வைத்தால் முறுக்கேறாது என்று ஒரு விடுமுறையில் சொன்னேன். "மீன் சங்கிலியத் தின்னுமா?" என்று சிரித்தார். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது எல்லாத் தகரத்திலும் சுழல்வளையம். தான் அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சரீப் காக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "நீயும் கிட்ட வந்து பாரு மனே, உனக்கும் உதவும்" என்றார்.

அந்த வருட மாரியில்தான் பெரிய கொடுவா. வாவி தேயிலைச் சாயம்போல இருந்தது. இறால் குத்தியவர்களுக்குக் கெளிறு மட்டும்தான் பட்டது. அப்பா பித்தளையை எடுத்தார். தூணை நோக்கி எறியவில்லை. துறையின் பக்கவாட்டில், தூண் வரிசைக்கு இணையாக எறிந்தார். தாழவிட்டார். இழுத்தார், நிறுத்தினார், இழுத்தார், நிறுத்தினார். நிறுத்தும்போதுதான் கொடுவா கவ்வும். கவ்வியது.

இப்போது நின்ற இடத்தில் நின்று இழுத்தால் மீன் தூணுக்குள் புகுந்து கயிற்றை அறுக்கும். திறந்த பக்கம் ஓடவேண்டும். அப்பா ஓடினார். அந்தப் பக்கம் முழுக்கச் சரீப் காக்காவின் துணி மூட்டைகள்.

"காக்கா, மூட்டையத் தள்ளு!"

"எங்கடா தள்ள? வாவிக்கயா?"

அப்பா தானே தள்ளினார். மூட்டை வாவிக்குள் போனது. மீன் பலகைக்கு மேலே வந்தது. தோளிலிருந்து விரல்நுனி வரை என் கை நீளம், வெள்ளிக் கட்டிபோல. அப்பா உடனே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கழட்டு காக்கா."

"என்ட சீத்தை தண்ணியில மிதக்குது. உன்ட மீனக் கழட்டவா?"

"பின்னேரம் கோயிலுக்குப் போகணும். நான் தொட ஏலாது."

"தொட ஏலாட்டி என்னத்துக்குடா புடிச்ச?"

"நான் எங்க புடிச்ச? அதுதான் புடிச்சது!"

சரீப் காக்கா முதலில் மூட்டையை எடுத்தார், பிறகு மீனை எடுத்தார், பிறகு ஒரு கிழமை அப்பாவோடு பேசவில்லை. மீனை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்.

எங்கள் வீட்டுக்கு மீன் வராது. நேர்ந்தவர் கையால் வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். வாவியில் இருந்து வந்ததெல்லாம் காத்தான்குடிக்குப் போனது. "மீன் புடிக்கிறவன்ட வீட்டில கருவாடு வாங்கிறன். இத எங்க போய்ச் சொல்ல?" என்று அம்மா எல்லோரிடமும் போய்ச் சொன்னாள். அது சரீப் காக்காவின் மனைவி ஹவ்வா உம்மாவின் காதுக்கும் எட்டியது. அதன்பின் ஒவ்வொரு மீனுக்கும் மறுநாள் மத்தியானம் மூடிய கிண்ணம் ஒன்று எங்கள் குசினிக்கு வரும். மீன் போன வழியாலேயே குழம்பாகத் திரும்பியது. நானும் அம்மாவும் தின்போம். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு பருப்போடு சோறு தின்பார். ஒருமுறை மட்டும், திரும்பாமல் சொன்னார்:

"ஹவ்வா உம்மா இண்டைக்கு மல்லி கூடப் போட்டுட்டா."

இனி வண்ணக்கர் விஷயம்.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலை நடத்துகிறவர் வண்ணக்கர். அது அப்பாவின் குடிக்கு, அதாவது வம்சத்துக்கு, உரிய இடம். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில் வரும்; ஆகவே மாமனுக்குப் பிறகு மருமகன். அப்பாவின் தாய்மாமன் முதுமை வரை அந்த இடத்தில் இருந்தார். அவர் எப்போது போவார் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் புதுச் சால்வை ஒன்று வாங்கி வைத்திருந்தார். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து அதைப் போட்டுக்கொண்டு, அறைக்குள் மெதுவாக, தலையை நிமிர்த்தி, இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை நடந்து பார்ப்பதை அம்மா யன்னலால் கண்டிருக்கிறாள். திருவிழாவில் முதல் வெற்றிலையும் பாக்கும் வண்ணக்கர் கையில்தான் கொடுப்பார்கள். சுவருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டி அதையும் வாங்கிப் பார்த்தாராம்.

ஊரில் அவர் சிங்கத்தார், தகரக்காரர், துறைக்குச் சீதனம் கொடுப்பவர். ஒருவர்கூட எழும்பி நின்று அவருக்கு இடம் கொடுத்தது கிடையாது. அந்த ஒரு இடம் அவருக்கு வேண்டியிருந்தது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சால்வை நடையைத் தவிர.

இந்த வருடம் மாமன் காலமானார். முறைப்படி மூத்த மருமகன் அப்பா. அடுத்தவர் அவருடைய சின்னம்மாவின் மகன் வினாயகமூர்த்தி. கள்ளுத் தவறணைக் குத்தகைக்காரர். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் குடி கூடியது. நான் விடுமுறையில் வந்திருந்தேன். நான் அம்மாவின் குடி. அப்பாவின் குடிக் கூட்டத்தில் எனக்கு இடமில்லை. வெளியே வேம்பின் கீழ் நின்று கேட்டேன்.

குடியின் பெரியவர் நல்லரத்தினம் வெற்றிலை வட்டாவை நடுவில் வைத்தார். வினாயகமூர்த்தி தொடங்கினார்.

"அண்ணனில எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா துறையில நிண்டு மீன் கொல்லுற கை பிள்ளையாருக்குத் தட்டம் தூக்கலாமா? சபை சொல்லட்டும்."

"மறுகா, கள்ளு ஊத்துற கை தூக்கலாமாக்கும்?" என்றார் அப்பா.

"நான் ஊத்தல்ல. குத்தகைதான் என்ட. ஊத்திறவன் வேற ஆள்."

"அதத்தான் நானும் சொல்றன். கழட்டுறவன் வேற ஆள். காத்தான்குடி ஆள்."

மண்டபம் சிரித்தது. அப்பா அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மடியில் இருந்து ஒரு தகரத்தை எடுத்தார்.

"இதில உயிர் இருக்கா, பாருங்க. இறால் இருக்கா, புழு இருக்கா? கையில எடுத்துப் பாருங்க. சும்மா பாருங்க!"

தகரம் கை மாறிக் கை மாறி வினாயகமூர்த்தியிடம் போனது. அவர் அதை அருவருப்போடு அடுத்தவருக்குத் தள்ளினார். மூன்று முள்ளில் ஒன்று அவருடைய பட்டுச் சால்வையில் மாட்டியது.

"அசையாத தம்பி! இழுக்காத! முனையில எதிர்முள்ளு இருக்கு, இழுத்தா உள்ளதான் போகும்!"

வினாயகமூர்த்தி இழுத்தார். சால்வை கிழிந்தது. இன்னொரு முள் வேட்டியில் இறங்கியது. அப்பா முழங்காலில் இருந்து, தம்பியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, முள்ளை முன்னுக்குத் தள்ளிப் பின் திருப்பிக் கழற்றத் தொடங்கினார். கழற்றுவதில் பழக்கம் இல்லாதவர். நேரம் எடுத்தது.

"சிங்கத்தார், நல்ல பாரையாக்கும்!" என்றது பின்வரிசை.

"தின்னுவீங்களா, சரீப்புக்குக் குடுப்பீங்களா?"

"குடுத்தாலும் அவன் எடுக்கமாட்டான். கள்ளு மணக்கும்."

நல்லரத்தினம் பெரியவர் சால்வையால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"இடம் உன்டதான் சிங்கம். மூத்தவன் நீ. ஆனா வண்ணக்கர் எண்டு சொல்ற ஆள் துறையில தூண்டிலோட நிக்க ஏலாது. அது உன்ட தகரமோ இறாலோ, எனக்கு வேணாம். வெள்ளிக்கிழமை காலப் பூசைக்கு முன்ன வா. இனித் தூண்டில் தொடமாட்டன் எண்டு பிள்ளையாருக்கு முன்னால நிண்டு சொல்லு. சொன்னா உனக்கு, இல்லாட்டித் தம்பிக்கு. ஏலாது எண்டாலும் நீயே வந்து சொல்லு. ஆளிட்டச் சொல்லி அனுப்பாத. குடி ஆள் வாயால கேக்கணும்."

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா முன்னால் போனார். பாலம் தெரியும் இடத்தில் நின்றார்.

"பாத்தியா மனே, அந்தச் சின்ன எதிர்முள்ளு. பட்டும் விடல்ல, வேட்டியும் விடல்ல."

வீட்டில் அம்மா விட்டுவிடவில்லை. "ஒரு தகரத்துக்காக மாமன்ட இடத்த விடப்போறீங்களா? சொல்லிப்போட்டு வாங்களன். இவ்வளவு நாளும் துறைக்குக் குடுத்தது காணும்."

"சொல்லலாம் புள்ள. சொல்றது லேசு. மறுகா தொடாம இருக்கணுமே."

அவர் அப்படிப்பட்டவர். இதை எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகிறது. ஊரில் எத்தனையோ பேர் சாமிக்கு முன்னால் எதையும் சொல்வார்கள். இவர் கடவுளிடம் சொன்னதில் ஒரு எழுத்தும் கூட்டாமல், ஒரு எழுத்தும் குறைக்காமல் வாழ்ந்தவர். அதனால்தான் வார்த்தைகளை அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை தூண்டில் இல்லாமல் துறைக்குப் போனார். இதைச் சரீப் காக்கா எனக்குப் பிறகு சொன்னார். இருவரும் மூட்டைகளின் மேல் இருந்திருக்கிறார்கள்.

"சத்தியம் பண்ணு சிங்கம்," என்றாராம் சரீப் காக்கா. "எனக்கு மீன் போகும்தான். பரவாயில்ல. வண்ணக்கர்ட கூட்டாளி எண்டு சொல்லி நாலு கடையில கடன் எடுக்கலாம்."

அப்பா சிரிக்கவில்லையாம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "கடலுக்கு முகத்துவாரம் வெட்டினா வாவிக்க உப்புத்தண்ணி ஏறும் காக்கா. தண்ணி தெளியும். மறுகா வெள்ளத் தகரம்தான்" என்றாராம்.

புதன்கிழமை நடந்தது மேலே இருக்கிறது. குறட்டைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்: "வெள்ளிக்கிழமை என்ன சொல்லப்போறீங்க?"

"வெள்ளிக்கிழமை சொல்லுவன்."

"அதுக்கிடையில இது எதுக்கு?"

"இண்டைக்குப் புதன்" என்றார்.

வியாழக்கிழமை அடக்கம். வினாயகமூர்த்தி முன்னால் நின்று எல்லாம் செய்தார். குறை சொல்ல முடியாது. சரீப் காக்கா வாசற் படலைக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். "நிக்கிறன் தம்பி" என்றார். அவருடைய கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. அதைப் பார்த்தபின் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் சத்தியம் பண்ணத்தான் இருந்தார் என்கிறாள். புதன்கிழமை விடியவே புதுச் சால்வையைத் தோய்த்துக் கொடியில் போட்டாராம். சரீப் காக்காவுக்கும் சந்தேகம் இல்லை. அவர் பண்ணியிருக்கமாட்டார் என்கிறார். வெள்ளைத் தகரத்தைப் பற்றிப் பேசிய மனிதன் எப்படிப் பண்ணுவான்? இரண்டு சாட்சியும் நல்ல சாட்சி. இரண்டையும் வைத்து ஒரு முடிவும் எழுத முடியாது. என் தொழிலில் இப்படி அளவு வந்தால் திரும்ப ஒருமுறை அளக்கச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நல்லரத்தினம் பெரியவரும் வினாயகமூர்த்தியும் வந்தார்கள். சாவுத் துடக்கு வீடு, தண்ணீர் குடிக்கவில்லை. முற்றத்தில் நின்றே பேசினார்கள்.

"அவர் என்ன சொல்ல இருந்தவர் தம்பி?" என்றார் பெரியவர்.

"எனக்குச் சொல்லல்ல."

வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஓமெண்டு சொல்ல இருந்தார் எண்டு நீ ஒரு வார்த்த சொல்லு மகன். முப்பத்தொண்டாம் நாளுக்கு நினைவுப் புத்தகம், கல்வெட்டு, அச்சடிக்கிறதுதானே. வண்ணக்கர் எதிர்மன்னசிங்கம் எண்டு போடுவம். ஒரு நாளெண்டாலும் இருந்த மாதிரித்தான். எனக்கு அதில ஒண்டுமில்ல. நான் அவருக்குப் பிறகு எடுக்கிறன்."

தவறணைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஓம் என்றால் அவளுக்கு வண்ணக்கர் பெண்சாதி என்ற பெயர் ஒரு மாதமாவது இருக்கும். அப்பாவுக்கு அந்தச் சுவருக்கு முன்னால் வாங்கிய வெற்றிலை அச்சில் கிடைக்கும். பொய் என்று கேட்பதற்கு யாரும் இல்லை.

"சொன்னவரா தம்பி?" என்று பெரியவர் மறுபடியும் கேட்டார்.

"நான் வேற குடி," என்றேன். "குடி ஆள் வாயாலதானே கேக்கணும்."

பெரியவர் தலையை ஆட்டினார். இருவரும் போனார்கள். அம்மா என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முழுகி, தோய்த்த சால்வையைப் போட்டுக்கொண்டு, பூசைக்கு முன் பிள்ளையார் கோயிலுக்குப் போய், தூண்டிலை விடுகிறாரா இல்லையா என்று தன் வாயால் சொல்லிவிட்டு வருவது. அப்பா செய்யாமல் விட்டுப்போன வேலை அது ஒன்றுதான்.